எட்டாவது குழாய்

பதினொரு மாத ஒப்பந்தத்தில் பதினான்காவது ஷரத்து:
மீன் சமைக்கக் கூடாது,
மீன் உள்ளே கொண்டுவரக் கூடாது.
படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான் கொண்டுவந்தவை
மரம், பிளாஸ்டிக், வயிற்றுக்குள் உருளும் ஈயக்குண்டு,
தூரிகையால் வைத்த கண்.
ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்.
வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக
மும்முனைக் கொக்கி.
விலையை ஊருக்குச் சொன்னதில்லை.

முதலில் செருப்புப் பெட்டி.
ஒன்றைத் தூக்கினால் எட்டும் வந்தன,
கல்யாண வீட்டில் திடீரென்று சமாதானமான
பங்காளிகள் மாதிரி.

அப்புறம் துணிப்பை.
நாலேகால் ஸ்லோ, பெண்கள் பெட்டி.
தாதரில் செவ்வந்தி மூட்டையோடு ஏறியவளின் புடவையைப்
பைக்குள்ளிருந்தே கடித்தது ஒன்று.
மாஹிமில் இறங்க வேண்டியவள்
பாந்த்ரா வரை வந்தாள்
என்னோடு கோக்கப்பட்டு.
பிளாட்பாரத்தில் குந்தி
இடுக்கியால் கொக்கியை நறுக்கினேன்.
அவள் திட்டியது மராத்தியில்.
நான் மன்னிப்புக் கேட்டது இந்தியில்.
கொக்கி போச்சே என்று நினைத்தது மட்டும்
தமிழில்.

மறுநாள் சயான் ஆஸ்பத்திரி லேபில்
காலை ரத்தங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அறுபது பேர்,
ஒருவர் மேல் ஒருவர் படாமல்
தாங்கியில் நிமிர்ந்து நிற்கிறார்கள்.
பத்து வருடமாக அடுக்குகிறேன்.
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில்
பால்கனிக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
சைக்கிள் கொட்டகை ஓரம் பழையவை,
இரண்டங்குலம், வெயிலில் மஞ்சளித்தவை.
எடுத்துக்கோ என்றான் முன்ஷிலால்.
ரம்பமும் கொடுத்தான். தகடு பதினைந்து ரூபாய் என் செலவு.
டிஸ்டெம்பர் வாளி நாற்பது,
அடியில் கொஞ்சம் இளநீலம் இன்னும் ஒட்டியிருந்தது.
கடையில் இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது,
மூவாயிரத்து இருநூறு.

ஒரு சாணும் நாலு விரலும்,
எட்டுத் துண்டு.
அறுத்த விளிம்பைத் துவைகல்லில் தேய்த்தேன்.
வாளிக்குள் நெருக்கி நிறுத்தி
சந்துகளில் பழைய நைட்டியைக் கிழித்துத் திணித்தேன்.
குழாய் விளிம்பில் வயிற்றுக் கொக்கியை மாட்டினால்
மீன் தலைகீழாகத் தொங்கும்.
யாரும் யாரையும் தொடாது.

உப்புத்தண்ணீர் வடிய வாளிக்கு அடியில் துளை வேண்டும்.
திருப்புளியை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக்
குத்தினேன்.
மூன்றாவது துளையில் கதவு தட்டினார்
செக்ரட்டரி தலக்சிபாய்,
கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு.
என்ன நாற்றம், மீனா?

பிளாஸ்டிக் என்றேன்.
உள்ளே வந்தார்.
வாளியை எட்டிப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
இது மீன்.
மரம், பாய்.
கண்?
பெயின்ட்.
கொக்கி?
அது மட்டும் நிஜம்.

சாளை நிறத்தில் இருந்ததை இரண்டு விரலால் எடுத்து,
திருப்பி,
குலுக்கி, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்டு
இன்னொரு முறை குலுக்கி,
வேறு குழாயில் மாட்டிவிட்டுப் போனார்.
குழாய் சொசைட்டியுடையது என்பது
அவர் கண்ணில் படவில்லை,
அல்லது பட்டது.

போன ஞாயிறு
பாந்த்ரா கோட்டைக்குக் கீழே,
ஓதம் ஏறும் நேரம், ஏழு வீச்சு.
எட்டாவதில் கோல் வளைந்தது,
நூல் அறுந்தது.
ஜிதாடா, ஆறு கிலோவாவது இருக்கும் என்று
பக்கத்துப் பாறையிலிருந்து சத்தியம் செய்தார்
பாஸ்கல் குட்டின்ஹோ.
பாறை இடுக்கு என்றேன் நான்.
அவர் கோபித்துக்கொண்டு
வேறு பாறைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து வாளியோடு குளியலறையில் வைத்து
ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினேன்.
அடியில் ஐந்து தாரையாய் வடிந்தது உப்பு.
ஏழு தொங்குகின்றன.

காலியாய் நின்ற எட்டாவதில்
சுருட்டி வைத்திருக்கிறேன் வாடகை ஒப்பந்தத்தை.
வேறு எங்கே வைத்தாலும் தேட வேண்டியிருக்கிறது.
ஈரம் கொஞ்சம் ஏறிவிட்டது.
நேற்று எடுத்து முகர்ந்தேன்,
பதினான்காம் ஷரத்துப் பக்கம்
லேசாய்
கடல்.